34ஆம் எண் கார்

வெண்டல் ஸ்காட் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் தொடக்கத் தலைமுறையைச் சேர்ந்த ஓட்டுநர். 1961 மார்ச் முதல் 1973 அக்டோபர் வரை, நாஸ்கார் அமைப்பின் உச்சப் பிரிவில் 495 பந்தயங்களில் ஓடினார். முதல் பத்து இடங்களுக்குள் முடித்தவை 147. முதல் ஐந்துக்குள் 20. வென்றது ஒன்றே ஒன்று. அந்தப் பிரிவில் ஒரு பந்தயத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இரண்டாமவர் வருவதற்கு 2021 ஆகிவிட்டது.

ஸ்காட்டைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் அந்த ஒரு வெற்றியைத்தான் முதலில் எடுப்பார்கள். வென்ற அன்றே அது அவர் கையிலிருந்து நழுவிப்போன விதம் அப்படிப்பட்டது. ஆனால் அவர் எப்படிப்பட்ட பந்தயக்காரர் என்பதைச் சொல்லும் எண் 495தான். கார் கம்பெனியின் ஆதரவு கிடையாது. சம்பளத்துக்கு வைத்த மெக்கானிக் கிடையாது. மற்றவர்கள் ஓட்டிக் கழித்த கார்களை வாங்கி, சொந்தப் பட்டறையில் பிரித்துப் பூட்டி, மகன்களை உதவிக்கு வைத்துக்கொண்டு பதின்மூன்று சீசன் ஓடினார். கறுப்பர் என்பதற்காக அவரைப் பெரும்பாலான தடங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்தது. பணம் என்ற கதவு மட்டும் கடைசி வரை திறக்கவில்லை.

கள்ளச்சாராயமும் கார் பந்தயமும்

ஸ்டாக் கார் என்பது தொடக்கத்தில் ஷோரூமில் விற்ற சாதாரணக் கார். பந்தயத்துக்கென்றே தனியாக வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார்கள் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்க, தெருவில் ஓடும் ஃபோர்டையும் செவர்லேயையும் கொண்டுவந்து மண் தடத்தில் சுற்றவிடும் வழக்கம் அமெரிக்கத் தென் மாநிலங்களில் 1930களில் வேர்பிடித்தது. அதை வளர்த்தவர்களில் பெரும்பங்கு கள்ளச்சாராயக்காரர்களுக்கு உண்டு. அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் காய்ச்சிய சரக்கை வரி கட்டாமல் இரவோடு இரவாக ஊர்களுக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் தொழில். கார் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாக இருக்க வேண்டும். உள்ளே போலீஸ் காரைவிட வலுவான இன்ஜினும், சுமை ஏற்றினாலும் பின்பக்கம் தாழாத ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு மலைப்பாதையில் வளைவு எடுக்கத் தெரிய வேண்டும். இப்படிப் பழகியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் கார் வேகம் என்று பார்க்க இறங்கியதில் வியப்பில்லை.

பில் ஃபிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் பந்தய ஏற்பாட்டாளர்களைக் கூட்டிப் பேசினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நாஸ்கார் பதிவு செய்யப்பட்டது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், புத்தம்புதுக் கார்களுக்கான முதல் பந்தயம் நடந்தது. அதில் முதலில் வந்த கிளென் டனவேயின் காரைச் சோதித்தபோது, சரக்கு கடத்துபவர்கள் செய்யும் ஸ்பிரிங் வேலை அதில் இருப்பது தெரிந்தது. அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டு, கான்சாஸிலிருந்து வந்திருந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். இந்த விளையாட்டின் முதல் தீர்ப்பே சாராயக் கார் ஒன்றின் மீதுதான். அடுத்த ஆண்டு முதல் அந்தப் பிரிவுக்கு கிராண்ட் நேஷனல் என்று பெயர்.

ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், ஏற்பாட்டாளர்கள், தடங்களின் உரிமையாளர்கள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள். பள்ளி, பேருந்து, உணவகம், கழிப்பறை என்று எல்லாவற்றிலும் நிறப் பிரிவினை சட்டமாக இருந்த மாநிலங்களில்தான் பெரும்பாலான தடங்கள் இருந்தன. பார்வையாளர் வரிசையில் கறுப்பர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள்.

டான்வில்

அந்தத் தனிப் பகுதியில் உட்கார்ந்து பந்தயம் பார்த்தவர்களில் ஒருவர் வெண்டல் ஸ்காட். 1921 ஆகஸ்ட் 29 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள டான்வில் நகரில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஏப்ரலில், அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலக் கூட்டமைப்பின் அரசு கடைசியாகத் தஞ்சம் புகுந்த ஊர் இது. அந்த நினைவை ஊர் பல தலைமுறைகளுக்குப் பெருமையாகச் சுமந்தது. பஞ்சாலையும் புகையிலைக் கிடங்கும்தான் அங்கே பிழைப்பு. இரண்டிலும் கறுப்பர்களுக்கு அடிமட்ட வேலை. மேஸ்திரியின் கீழ் கைகட்டி நிற்கும் அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று ஸ்காட் சிறுவயதிலேயே முடிவு செய்துவிட்டார். அவருடைய பிற்கால முடிவுகள் பலவற்றுக்கும் இந்தப் பிடிவாதமே அடிப்படை.

தந்தை இரண்டு பணக்கார வெள்ளைக் குடும்பங்களுக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். இன்ஜின் வேலை மகனுக்கு அவரிடமிருந்து வந்தது. வெள்ளைக்காரப் பையன்களோடு சைக்கிள் போட்டி போட்டு வளர்ந்த ஸ்காட், உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். கொத்தனார் வேலை பார்த்தார். டாக்ஸி ஓட்டினார். இரண்டாம் உலகப்போரில் கறுப்பர்களுக்கென்று தனியாக வைத்திருந்த ராணுவப் பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் பணிபுரிந்தார். போருக்கு முன்பும் பின்பும் அவர் கையை விட்டுப் போகாதது ஸ்பானர்தான். திரும்பி வந்ததும் டான்வில்லில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். 1943இல் மேரியை மணந்திருந்தார். பின்னாளில் ஏழு பிள்ளைகள்.

பட்டறை வருமானம் போதவில்லை. இரவில் கள்ளச்சாராயம் கடத்தத் தொடங்கினார். இதை அவர் பிற்காலத்தில் மறைத்ததில்லை. அந்த வட்டாரத்தில் அது ரகசியமான தொழிலும் அல்ல. பின்னாளில் 50 பந்தயங்களை வென்று நாஸ்காரின் பெரும்புள்ளியான ஜூனியர் ஜான்சனும் அதே வழியில் வந்தவர்தான், சிறையும் சென்றவர். ஸ்காட் பிடிபட்டது ஒரே ஒரு முறை, 1949இல். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்து விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. போலீஸும் துரத்துவதை நிறுத்தவில்லை.

போலீஸ் சொன்ன பெயர்

1952இல் டான்வில் பொருட்காட்சி மைதானத் தடத்தில் பந்தயம் நடத்திவந்தது நாஸ்காருக்குப் போட்டியான டிக்ஸி சர்க்யூட் என்ற அமைப்பு. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளை ஓட்டுநர்களோடு ஒரு கறுப்பரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கவாவது ஆள் வரும் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். நல்ல கறுப்பு ஓட்டுநர் யார் என்று அவர்கள் விசாரித்த இடம் உள்ளூர்க் காவல் நிலையம். போலீஸார் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார்கள். இத்தனை ஆண்டுகள் துரத்திய ஆளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மே 23 அன்று ஸ்காட் முதல் முறையாகத் தடத்தில் இறங்கினார். கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். கார் பாதியில் நின்றுபோனது. அன்றைய தினத்தில் சாதனை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பந்தயம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாளே காரைச் சரிசெய்து, வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குக் கட்டி இழுத்துச் சென்றார். கறுப்பருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும் வழியில் கண்ணில் நீர் வந்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். சில நாள் கழித்து ஹை பாயின்ட் என்ற ஊரிலும் அதே பதில். வெள்ளையர் யாரையாவது வைத்துக் காரை ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

நாஸ்கார் வேண்டாம் என்று டிக்ஸி சர்க்யூட்டுக்கும் மற்றச் சிறு அமைப்புகளுக்கும் திரும்பினார். முதல் பந்தயம் ஓடிய பன்னிரண்டாம் நாள் லிஞ்ச்பர்க் நகரில் வென்றார். அதன்பின் வாரத்தில் ஐந்து பந்தயம்கூட ஓடிய காலம் உண்டு. தடத்தில் சிலர் வேண்டுமென்றே அவர் காரை இடித்துத் தள்ளினார்கள். ஸ்டாக் கார் பந்தயத்தில் இடித்தவனைத் திருப்பி இடிப்பது எழுதப்படாத சட்டம். ஸ்காட் அதைச் செய்ய முடியாது. கறுப்பர் ஒருவர் வெள்ளையரின் காரைச் சுவரில் தள்ளினால் கூட்டம் சும்மா இருக்காது, அந்த அமைப்பில் அவர் மட்டுமல்ல, வேறு எந்தக் கறுப்பரும் அதன்பின் ஓட முடியாது. எனவே பொறுத்துக்கொண்டார். அதே சமயம், காரைத் தன் கையாலேயே கட்டி நன்றாகவும் ஓட்டுகிறார் என்பதைக் கண்ட வெள்ளை ஓட்டுநர்கள் சிலர் மெல்ல அவர் பக்கம் வந்தார்கள். பட்டறைக்காரனுக்குப் பட்டறைக்காரன் மீது வரும் மரியாதை அது.

நாஸ்கார் உரிமம் அவருக்குக் கிடைத்தது தலைமையகத்தின் முடிவால் அல்ல. ரிச்மண்ட் தடத்துக்குப் போய், அங்கே பகுதிநேர அதிகாரியாக இருந்த மைக் போஸ்டன் என்பவரிடம் நேரடியாகக் கேட்டார். தொல்லைகள் வரும், தயார்தானா என்று எச்சரித்துவிட்டு போஸ்டன் உரிமத்தைக் கொடுத்தார். டேடோனா தலைமையகத்தில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவில்லை.

1954 ஏப்ரலில் ராலி நகரத்தில் பில் ஃபிரான்ஸை ஸ்காட் முதன்முதலாகச் சந்தித்தார். வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநர்களுக்கு பெட்ரோல் செலவுக்கென்று பணம் கொடுத்த ஏற்பாட்டாளர், ஸ்காட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. நேரே ஃபிரான்ஸிடம் போய் முறையிட்டார். ஃபிரான்ஸ் தன் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்து, நாஸ்கார் உறுப்பினர் என்ற முறையில் இனி எந்தப் பாகுபாடும் இருக்காது என்று உறுதி கூறினார். இந்த வாக்குறுதியை ஃபிரான்ஸ் எந்த அளவுக்குக் காப்பாற்றினார் என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. தென் கரோலினாவின் டார்லிங்டன் தடம் பல ஆண்டுகள் ஸ்காட்டை ஓட விடவில்லை. நாஸ்கார் அதைத் தட்டிக்கேட்கவில்லை. அலபாமாவில் நிறப் பிரிவினையின் முகமாக விளங்கிய ஜார்ஜ் வாலஸ் 1972இல் அதிபர் வேட்பாளராவதற்கு முயன்றபோது, அவருக்காக ஃபிரான்ஸ் ஃபுளோரிடாவில் வேலை செய்தார். நேரில் கேட்டால் கண்ணியமாகப் பேசுவார், கேட்காவிட்டால் இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடுவார் என்பதுதான் அந்த உறவின் சாரம்.

கீழ்நிலைப் பிரிவுகளில் ஸ்காட் நூறுக்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார். 1959இல் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன் ஆனார். ரிச்மண்டின் சவுத்சைட் தடத்தின் சாம்பியன் பட்டமும் அதே ஆண்டு கிடைத்தது. வயது 38. இவர் வெறும் நீண்டகால ஓட்டக்காரர், வேகமில்லாதவர் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. கார்கள் ஏறத்தாழச் சமமாக இருந்த இடத்தில் அவர் சாம்பியன்.

உச்சப் பிரிவில்

1961 மார்ச் 4, தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க். பக் பேக்கர் என்ற மூத்த ஓட்டுநரிடமிருந்து வாங்கிய பழைய செவர்லேயில் ஸ்காட் கிராண்ட் நேஷனலில் நுழைந்தார். அவருக்கு முன் கறுப்பர் யாரும் இல்லாமல் இல்லை. 1955இல் கலிஃபோர்னியாவில் எலியாஸ் போவியும், 1956இல் டேடோனா கடற்கரைத் தடத்தில் சார்லி ஸ்காட்டும் ஓடியிருக்கிறார்கள். ஆனால் இருவருக்கும் அது ஒரே பந்தயத்தோடு முடிந்தது. சீசன் முழுக்க ஊர் ஊராக ஓடி அதிலேயே வாழ்ந்த முதல் கறுப்பர் வெண்டல் ஸ்காட்.

அந்த ஆண்டில் 23 பந்தயங்கள் ஓடி, ஐந்தில் முதல் பத்துக்குள் வந்தார். சிறந்த புதுமுகம் விருது ஐந்தே பந்தயங்கள் ஓடிய உட்டி வில்சனுக்குப் போனது. 1962 ஜூலையில் சவானா தடத்தில், தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓடி முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்தார். அவருடைய காரின் எண் 34. அந்நாளில் தடத்தை ஆளத் தொடங்கியிருந்த ரிச்சர்ட் பெட்டியின் எண் 43. இலக்கங்கள் இடம் மாறியிருப்பது தற்செயல். இரண்டு கார்களுக்குப் பின்னால் இருந்த பணத்தின் அளவு தற்செயல் அல்ல.

பெட்டிக்குப் பின்னால் கிரைஸ்லர் நிறுவனம் இருந்தது. வேறு சிலருக்கு ஃபோர்டு. புது இன்ஜின், புது டயர், தேர்ந்த மெக்கானிக்குகள், மாதச் சம்பளம் எல்லாம் தொழிற்சாலை தரும். இப்படி ஆதரவு பெற்றவர்கள் பந்தயத்துக்கு வெல்ல வருவார்கள். ஆதரவு இல்லாதவர்கள் பந்தயத்தை முடிக்க வருவார்கள். முடித்தால்தான் பரிசுத்தொகையில் பங்கு. சிறு தடங்களில் முதல் பரிசே ஆயிரம் டாலர் அளவில்தான் இருந்தது, பத்தாம் இடத்துக்குக் கிடைப்பது எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் ஓட்டி இன்ஜின் வெடித்தால், அதைச் சரிசெய்யும் செலவு பல பந்தயங்களின் வருமானத்தை விழுங்கிவிடும். எனவே ஸ்காட் கால்பெடலை முழுவதும் அழுத்தாமல் ஓட்டக் கற்றுக்கொண்டார். மற்ற அணிகள் கழித்துப்போட்ட டயர்களை வாங்கிப் பூட்டினார். வெண்டல் ஜூனியர், ஃபிராங்க் ஆகிய மகன்கள்தான் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுபவர்களும் பெட்ரோல் ஊற்றுபவர்களும். ஆள் போதாத நாளில் ஓட்டுநர் தானே காரிலிருந்து இறங்கி வேலையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறி ஓடியதும் உண்டு.

பயணம் இன்னொரு பந்தயம். வழியிலுள்ள ஓட்டல்களில் அறை கொடுக்க மாட்டார்கள், உணவகங்களில் உட்கார விடமாட்டார்கள். மேரி கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு, காரை இழுத்துச் செல்லும் வண்டியிலேயே தூங்கி எழுந்து ஓடினார்கள். 1964இல் நடந்த 62 பந்தயங்களில் 56இல் ஸ்காட் ஓடினார். மெக்கானிக் வேலையும் ஓட்டும் வேலையும் ஒருவரே பார்த்துக்கொண்டு இத்தனை பந்தயம் என்பதை, இன்றைய அணிகளின் டஜன் கணக்கான ஊழியர்களோடு ஒப்பிட்டால்தான் அதன் பளு விளங்கும்.

ஜாக்சன்வில், 1963 டிசம்பர் 1

அந்த ஆண்டில் அமெரிக்காவில் நடந்தவற்றை நினைவில் கொண்டு இந்தப் பந்தயத்தைப் பார்க்க வேண்டும். ஜூன் 10 அன்று ஸ்காட்டின் சொந்த ஊரான டான்வில்லில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் தடியால் அடித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தார்கள். அங்கே அந்த நாளை ரத்தத் திங்கள் என்றே அழைக்கிறார்கள். இரண்டு நாளில் மிசிசிபியில் கறுப்பர் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 28இல் சம உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. நவம்பர் 22இல் அதிபர் கென்னடி கொலை. அதற்கு ஒன்பதாம் நாள், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் அரை மைல் மண் தடத்தில் 200 சுற்றுப் பந்தயம். கணக்கில் அது 1964 சீசனைச் சேர்ந்தது.

ஸ்காட் ஓட்டியது நெட் ஜாரெட் என்ற சக ஓட்டுநரிடமிருந்து வாங்கிய செவர்லே. தடம் குண்டும் குழியுமாக இருந்தது. வேகமான கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. இப்படிப்பட்ட தடத்தில் காரைக் காப்பாற்றி ஓட்டுவது ஸ்காட்டின் அன்றாடப் பழக்கம். முன்னால் ஓடிய ரிச்சர்ட் பெட்டியின் காருக்கும் கோளாறு வந்தது. இன்னும் 25 சுற்று இருக்கையில் ஸ்காட் அவரைத் தாண்டினார். அதன்பின் யாரும் அவரைப் பிடிக்கவில்லை.

200ஆம் சுற்றை முடித்தபோது, வெற்றியைக் குறிக்கும் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. ஓடிக்கொண்டே இருந்தார். மேலும் இரண்டு சுற்றுகள். கொடி பக் பேக்கருக்கு அசைந்தது. ஸ்காட்டுக்கு முதல் கார் விற்ற அதே பேக்கர். கோப்பையை வாங்கி, படமெடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். ஸ்காட் முறையிட்டார். சுற்றுக் கணக்குத் தாள்களை அதிகாரிகள் சரிபார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, ஸ்காட்தான் வென்றவர், அதுவும் இரண்டு சுற்று முன்னிலையில் வென்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் பார்வையாளர் வரிசை காலி.

கணக்குப் பிழை என்பது அதிகாரிகள் தரப்பு விளக்கம். அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள், தவறுகள் சகஜம். 1959இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தில் வென்றது யார் என்று முடிவு செய்ய மூன்று நாள் ஆயிற்று. அதே ஆண்டு அட்லாண்டாவில் ரிச்சர்ட் பெட்டியின் முதல் வெற்றி என்று அறிவித்ததை, அவருடைய அப்பா லீ பெட்டியே ஆட்சேபித்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி, தான் வென்றதாக மாற்றினார். ஆனால் இரண்டு சுற்று முன்னால் இருக்கும் காரை, அதுவும் தடத்தில் இருந்த ஒரே கறுப்பரின் காரை, யாரும் கவனிக்கவில்லை என்பதை நம்புவது கடினம். வெற்றி மேடையில் கோப்பை கொடுக்கும் பெண் வென்றவருக்கு முத்தம் தருவது வழக்கம். வெள்ளைப் பெண்ணிடமிருந்து கறுப்பர் ஒருவர் முத்தம் பெறும் காட்சியை ஜாக்சன்வில் கூட்டத்தின் முன் அரங்கேற்ற ஏற்பாட்டாளர்கள் பயந்தார்கள் என்று ஸ்காட்டும் அவர் குடும்பமும் கடைசி வரை நம்பினார்கள். அந்த ஆண்டின் பின்னணியில் இதுவே பொருத்தமான விளக்கம்.

பரிசுத்தொகை ஸ்காட்டுக்கு வந்தது. மூலக் கோப்பை வரவே இல்லை. ஒரு ஓட்டுநர் உச்சப் பிரிவில் முதன்முதலாக வென்றால் அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும், படத்தைப் பார்த்து விளம்பரதாரர் வருவார், அவர் பணத்தில் அடுத்த கார் வரும். அன்று களவு போனது இந்தச் சங்கிலி முழுவதும்தான்.

வெற்றி இல்லாத நல்ல ஆண்டுகள்

1964 ஜூலையில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. உணவகங்களும் ஓட்டல்களும் சட்டப்படி திறந்தன. ஸ்காட்டின் பட்டறை நிலை மாறவில்லை. ஜாரெட் போன்ற சிலரின் துணையால் பழைய ஃபோர்டு கார்கள் கிடைத்தன. தொழிற்சாலையின் நேரடி ஆதரவு கடைசி வரை கிடைக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், சீசன் தரவரிசையில் அவருடைய சிறந்த ஆண்டுகள் அந்த வெற்றிக்குப் பின்புதான் வந்தன. 1966இல் ஆறாம் இடம். 1967இல் பத்து. 1968, 1969 இரண்டிலும் ஒன்பது. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பத்துக்குள். நாஸ்காரின் அன்றைய புள்ளி முறை, நிறையப் பந்தயம் ஓடி நிறையச் சுற்று முடிப்பவர்களுக்குச் சாதகமானது. 1966இல் இன்ஜின் விதி தகராறில் ஃபோர்டு ஒதுங்கிக்கொண்டதும் சொந்தக் கார்க்காரர்களுக்கு உதவியது. ஜேம்ஸ் ஹில்டன் என்ற ஓட்டுநர் அந்த ஆண்டு ஒரு வெற்றிகூட இல்லாமல் இரண்டாம் இடம் பிடித்தார். இந்தச் சலுகைகளைக் கழித்துவிட்டாலும், நாற்பத்தைந்தை நெருங்கும் வயதில், தேய்ந்த காரில், நாட்டின் ஆறாவது ஸ்டாக் கார் ஓட்டுநர் என்ற இடம் சாதாரணமல்ல.

அவர் மேடையேறி உரிமைப் போராட்டம் பேசியவர் அல்லர். ஓடுவதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. இதனால் அவரைப் பணிந்துபோனவர் என்று சிலர் பார்த்ததும் உண்டு. வாரம் தவறாமல், தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடிகள் பறக்கும் மைதானத்துக்குள் தன் பெயரைக் கதவில் எழுதிய காரோடு நுழைந்தவரைப் பணிந்தவர் என்று சொல்வது நியாயமில்லை.

டல்லடேகா

1970களில் பந்தயத்தின் முகம் மாறியது. மண் தடங்கள் கைவிடப்பட்டன. வின்ஸ்டன் சிகரெட் நிறுவனத்தின் பணம் உள்ளே வந்தது. பந்தயங்களின் எண்ணிக்கை குறைந்து, நீளமும் வேகமும் செலவும் கூடின. பழைய கார் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிப்பது முடியாத காரியமானது. ஸ்காட் கடைசியாக ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். கடன் வாங்கி, அதுவரை தான் ஓட்டியவற்றில் சிறந்ததான ஒரு மெர்க்குரி காரை வாங்கினார்.

1973 மே 6 அன்று அலபாமாவின் டல்லடேகாவில் நடந்த வின்ஸ்டன் 500இல் அதை இறக்கினார். 60 கார்கள் ஓடின. பந்தயம் தொடங்கிய சில சுற்றுகளிலேயே ஒரு காரின் இன்ஜின் வெடித்து எண்ணெய் தடத்தில் சிந்தியது. பின்னால் வந்தவை வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று மோதின. இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் நொறுங்கின. ஸ்காட்டுக்கு இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, கால் கிழிந்தது. மெர்க்குரி இருந்த இடம் தெரியவில்லை. கடன் மட்டும் அப்படியே இருந்தது.

உடல் ஓரளவு தேறியதும் அக்டோபரில் சார்லட்டில் மீண்டும் ஒரு முறை ஓடினார். பன்னிரண்டாம் இடம். அதோடு உச்சப் பிரிவு வாழ்க்கை முடிந்தது. வயது 52.

டான்வில்லில் பட்டறையைத் தொடர்ந்து நடத்தினார். 1977இல் அவர் வாழ்க்கையைத் தழுவி ‘கிரீஸ்டு லைட்னிங்’ என்ற திரைப்படம் வந்தது. நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையர் ஸ்காட்டாக நடித்தார். படம் உற்சாகமாக முடியும். நிஜத்தில் அவர் கடன் அடைத்துக்கொண்டிருந்தார். 1990 டிசம்பர் 23 அன்று, தண்டுவடப் புற்றுநோயால், 69ஆம் வயதில் டான்வில்லில் காலமானார்.

அங்கீகாரம் அதற்குப் பிறகு தவணை தவணையாக வந்தது. அவர் வசித்த தெருவுக்கு நகரம் அவர் பெயரை வைத்தது. 2010இல் ஜாக்சன்வில்லின் உள்ளூர்ப் பந்தய அமைப்பு கோப்பையின் நகல் ஒன்றைக் குடும்பத்திடம் கொடுத்தது. 2015இல் நாஸ்கார் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள், முதல் கறுப்பராக. 2021 ஆகஸ்ட் 28 அன்று, டேடோனா தடத்தில், நாஸ்கார் அமைப்பே புதிதாகச் செய்த கோப்பையைக் குடும்பத்திடம் அளித்தது. பந்தயம் முடிந்து 57 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4 அன்று, ஸ்காட்டின் பந்தய வாழ்க்கையை முடித்த அதே டல்லடேகா தடத்தில், மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட பந்தயத்தில் பப்பா வாலஸ் முன்னிலையில் இருந்து வென்றார். உச்சப் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் அவர். அவர் ஓட்டிய 23ஆம் எண் டொயோட்டா, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் பங்குதாரராக உள்ள அணிக்குச் சொந்தமானது.